டி.எம்.சி. கணக்கா, பங்குக் கணக்கா?

2023 செப்டம்பரில் எங்கள் வாய்க்காலில் முறையை மாற்றினோம். அதுவரை தலைமடையில் தொடங்கி மடைக்கு ஆறு மணி நேரம். நாலு நாளில் தண்ணீர் நின்றுபோனால் கடைமடைக்கு முறையே வராது. இப்போது எத்தனை நாள் தண்ணீர் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தை ஏக்கர் கணக்கில் பிரித்துவிடுகிறோம். குறைந்தால் எல்லோருக்கும் குறையும்.

மாநிலங்கள் ஆற்றைப் பிரித்துக்கொள்வதிலும் இதே இரண்டு வழிதான்: இவ்வளவு என்று அளவை எழுதிவைப்பது, அல்லது வருவதில் இத்தனை பங்கு என்று பிரிப்பது. நான் பங்கின் பக்கம்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எந்த முறையும் சரிதான். கர்நாடக அணைகள் நிரம்பினால் தண்ணீர் தானாக வந்துவிடும். அளவு முறையில் ஒரு வசதியும் உண்டு. காவிரியில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி); அதில் ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. ஓரிடத்தில் அளந்தால் போதும், கேட்பதற்கு ஓர் எண் கையில் இருக்கும்.

பற்றாக்குறை ஆண்டில்தான் சிக்கல். அப்போது விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதில் ஒவ்வொரு முறையும் வழக்கு. 2023 ஆகஸ்ட் கடைசியில் வினாடிக்கு 5,000 கனஅடி, 15 நாளுக்கு என்று கர்நாடகத்துக்கு ஆணை வந்தது. அப்புறம் மறுபடி வாதம், மறுபடி 15 நாள். நாற்று அதுவரை காத்திருக்குமா? ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் இரண்டு முறையும் உண்டு. 1922 ஒப்பந்தத்தில் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) என்று எழுதினார்கள். மழை மிகுந்த ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பின்னாளில் ஆறு அவ்வளவு தரவில்லை. தங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாத மேல்படுகை மாநிலங்கள் 1948-ல் பங்காகப் பிரித்துக்கொண்டன. அரிசோனாவுக்கு ஒரு சிறு அளவை ஒதுக்கிவிட்டு, மீதியில் கொலராடோவுக்கு 51.75 விழுக்காடு, யூட்டாவுக்கு 23, வயோமிங்குக்கு 14, நியூ மெக்சிகோவுக்கு 11.25. ஆறு இளைத்தால் நாலு பங்கும் சேர்ந்தே இளைக்கும்.

பங்கு முறையில் அளக்கும் வேலை அதிகம். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் நான்கின் நீர்வரத்தையும் இரு தரப்பும் தினமும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையை எந்தக் கணக்கில் வைப்பது என்ற கேள்வியும் உண்டு. எங்கள் அனுபவம் ஒரே ஒரு வாய்க்கால்தான். மதகில் ஓர் அளவுகோலும் பக்கத்தில் ஒரு கரும்பலகையும் போதுமாக இருந்தது. நான்கு அணைகளுக்கு அது போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முறையை மாற்றிய அந்த வாரம் எங்கள் கடைசி மடைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. வயல் முழுக்க நனையவில்லை. நாற்றங்கால் பிழைத்தது.