எடை குறைக்க வார ஊசியா, ஸ்லீவ் அறுவை சிகிச்சையா?

உணவைக் குறைத்தும் நடந்தும் எடை இறங்காதவர்கள் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் மன உறுதிக்குக் கட்டுப்படுவதில்லை.

எப்படி?
ஊசி: பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் மருந்து, வாரம் ஒருமுறை. 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி 2.4 வரை.
ஸ்லீவ்: இரைப்பையில் சுமார் 80% வெட்டி நீக்கப்படும். திரும்ப ஒட்ட முடியாது.

எவ்வளவு குறையும்?
ஊசி: உடல் எடையில் சுமார் 15%.
ஸ்லீவ்: 25% அல்லது அதற்கு மேல்.

சிக்கல்?
ஊசி: குமட்டல், மலச்சிக்கல். அளவை அவசரமாகக் கூட்டினால் வாந்தி. நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பங்கு ஓராண்டில் திரும்பிவிடும். செலவைக் கணக்கிடும்போது இதை மறக்காதீர்கள்.
ஸ்லீவ்: தையல் கசிவு அரிது, ஆனால் ஆபத்தானது. பி12, இரும்புச்சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க.

இரண்டிலும் பித்தப்பைக் கல் வரலாம், தசையும் கரையும். புரதம் அவசியம்.

கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் வேண்டாம், எரிச்சல் இன்னும் அதிகமாகலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டு புற்றுநோயில் ஓர் அரிய வகை) இருந்தால் ஊசி கூடாது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35 தாண்டி, சர்க்கரையும் இருந்தால் அறுவை சிகிச்சையே என் தேர்வு. 30-ஐ ஒட்டியவர்கள், மாதாமாதம் செலவு தாங்குமென்றால், ஊசியில் தொடங்கலாம்.