மர வீடு என்று நம்பி நாலு லட்சம் போச்சு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

நாலு லட்சம். அட்வான்ஸாகக் கொடுத்த பணம் திரும்ப வராது என்று இன்று காலை போனில் சொல்லிவிட்டார்கள். வீடு கட்ட நினைப்பவர்களையும் கட்டித் தருபவர்களையும் இணைத்துவிடும் ஆப் ஒன்று. பெயர் வேண்டாம், இதே ரகத்தில் நிறைய இருக்கின்றன. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரமா செங்கலா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகப் பேச்சு ஓடியது. மரச் சட்ட வீடு சீக்கிரம் முடியும். எடை குறைவு, அஸ்திவாரத்துக்குச் சுமை குறையும். நிலநடுக்கம் வந்தால் வளைந்து கொடுக்கும், கம்பி போடாத செங்கல் சுவர் அப்படித் தாங்காது. இதெல்லாம் உண்மை. இந்த உண்மைகளை வைத்தே ஏமாற்றினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆலோசகர் என்று ஒருவரை அனுப்பினார்கள். அமைதியான பேச்சு, அவசரமே படவில்லை. பையிலிருந்து ஒரு செங்கலும் ஒரு கனமான மரத்துண்டும் எடுத்து வைத்தார். வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, செங்கலை உள்ளே போட்டார். புஸ்ஸென்று குமிழி கிளம்பியது. "பாத்தீங்களா, மழை பெஞ்சா உங்க சுவரு இப்படித்தாங்க குடிக்கும்" என்றார். அப்புறம் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து மரத்துண்டைக் கருக்கினார். கத்தியால் கரியைச் சுரண்டிக் காட்டினால் உள்ளே புது மரம் அப்படியே இருக்கிறது. கனமான மரம் தீயில் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில்தான் கருகும், மேலே படிகிற கரியே உள்ளிருப்பதைக் காப்பாற்றும் என்றார். அதுவும் உண்மைதான். கரையான் வராதா என்று அம்மா கேட்டார். "முழுக்க சீசனிங் பண்ணி, அதாவது ஈரம் போகக் காயவெச்சு, பிரஷர்ல மருந்து ஏத்தின மரம்மா, கரையான் கிட்டயே வராது." அம்மா அந்தத் துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "நல்ல மரமாத்தான் தெரியுது" என்றார். அன்று மாலையே நாலு லட்சம் அனுப்பினோம்.

வந்து இறங்கிய மரம் வேறு. மேலே பச்சைச் சாயம், தூக்கினால் கனம் கனமாக இருக்கிறது. வேலைக்கு வந்த தச்சர் ஒரு கட்டையின் நுனியை அறுத்தார். பச்சை நிறம் மேல்தோலோடு நின்றுவிட்டது, உள்ளே வெளேரென்று வெளிறு, அதாவது பட்டைக்கு அடுத்த வெளிர் நிற இளமரம். மருந்தை அழுத்தி ஏற்றியிருந்தால் வெளிறு முழுக்க இறங்கியிருக்க வேண்டும்; இது பிரஷ்ஷால் பூசியது. ரம்பத்தூள் பறக்கவில்லை, விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. ஈரம் பார்க்கிற மீட்டரைக் குத்தினால் ஒரு இடத்தில் 28 சதவீதம், இன்னொரு இடத்தில் 31. வீட்டுக்குள் போகிற மரம் 12 முதல் 15க்குள் இருக்க வேண்டும். 20 தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், உளுத்துப்போக வழி திறந்துவிடுகிறது. "இது காயாத பச்சை மரங்க, இதை வெச்சு நான் சட்டம் அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். காய்கிறபோது மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஒரு அடி உயர உத்தரம் அரை அங்குலம் வரைகூட இறங்கலாம். இணைப்பெல்லாம் வாய் பிளக்கும், மேல்தளம் ஒரு பக்கம் தாழும்.

ஆலோசகருக்குப் போன் செய்தேன். "மரம்னா ஈரம் இருக்கத்தாங்க செய்யும், வெயில்ல காஞ்சிடும்" என்றார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் சேவை என்று ஒரு எண். புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்பார்கள் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை. மறுபடி கேட்டால் மரம் அனுப்பியவர் வேறு நிறுவனம், நாங்கள் இணைத்துவிட்டதோடு சரி என்கிறார்கள். நாலு லட்சத்தை யார் கணக்கில் வாங்கினீர்கள் என்றால் பதில் இல்லை. மீட்டர் படம், அறுத்த நுனியின் படம் எல்லாம் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் "தரமான மரம்" என்றுதான் இருக்கிறது, ஈர அளவு எதுவும் எழுதவில்லை என்று இன்று காலை ஒரு பெண் நிதானமாகப் படித்துக் காட்டினார். நாலு லட்சம்! தரம் என்ற ஒரு சொல்லுக்குள் பச்சை மரத்தையும் அடக்கிவிடலாமாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாளி வித்தை. காய்ந்த செங்கல் எதைத் தண்ணீரில் போட்டாலும் குமிழி விடும். சாந்தில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடக் கூடாது என்று கொத்தனார்களே செங்கலை நனைத்துத்தான் கட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது குமிழியை இல்லை, எடையை. 24 மணி நேரம் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. 3 கிலோ செங்கல் என்றால் 600 கிராம். இதையெல்லாம் அவர் எடை போட்டா காட்டினார்? அவர் கொண்டுவந்தது வெளிறிப்போன, சரியாக வேகாத கல் என்று எங்கள் கொத்தனார் பார்த்தவுடனே சொன்னார். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. இருப்பதிலேயே நல்ல மரத்தையும் இருப்பதிலேயே மோசமான செங்கலையும் பக்கத்தில் வைத்துக் காட்டிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள்.

விவரமாக எழுத இப்போது மனநிலை இல்லை, வங்கிக்குப் போக வேண்டும். சுருக்கமாக: மரம் இறங்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு நுனியை அறுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணம். ஈரம் இத்தனை சதவீதத்துக்குள், மருந்து இன்ன முறையில் என்று எண்ணோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். செங்கல் என்றால் இரண்டைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மரம் விற்கிறவரிடம் செங்கலைப் பற்றியும், செங்கல் விற்கிறவரிடம் மரத்தைப் பற்றியும் கேட்காதீர்கள். இந்த மாதிரி ஆப்பில் முதல் தவணை கட்டிவிட்டு மரம் வரக் காத்திருப்பவர்கள் இரண்டாவது தவணையைத் தயவுசெய்து இப்போதே நிறுத்தி வையுங்கள்.