முதல் தோள்பை எது: யாத்திரிகர் பையா, மரப்பிடிப் பையா, சிப்பாய்ப் பையா?

பழங்காலத் தோள்பை ஒன்றைக் கையாலேயே தைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று மாதிரிகள் வந்து நிற்கும். இடைக்கால ஐரோப்பாவின் யாத்திரிகர் பை, வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் காலத்து மரப்பிடிப் பை, 18ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்கள் சாப்பாடு எடுத்துப்போன ஹேவர்சாக். மூன்றிலும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் முதல் பை என்று கேட்டால் ஹேவர்சாக்கைத்தான் சொல்வேன்.

மனசுக்கு மிக நெருக்கமானது யாத்திரிகர் பைதான். ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற கிறிஸ்தவப் புனிதத் தலத்துக்கு நடந்தே போனவர்கள் கையில் தடியும் தோளில் இந்தப் பையுமாகப் போனார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டுக் கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ் சுவடியில் உள்ள ஒரு பிரசங்கம் சொல்கிறது: குறுகலாக இருக்க வேண்டும், விலங்குத் தோலால் ஆனதாக இருக்க வேண்டும், வாயைக் கட்டக் கூடாது. கொஞ்சமாக எடுத்துக்கொண்டு கடவுளை நம்பிப் போக வேண்டும் என்பதற்காகக் குறுகல். இருப்பதை ஏழைகளோடு பகிர வேண்டும் என்பதற்காகத் திறந்த வாய். அருமையான எண்ணம். ஆனால் தோல் என்றால் முதலில் குத்தூசியால் துளை போட்டு, அதற்குப் பிறகுதான் நூல் கோக்க முடியும். அது தனி வேலை. துணியில் தைத்தாலும் மூடி இல்லாத பையை நெரிசலில் மாட்டிக்கொண்டு போக முடியாது.

மரப்பிடிப் பையில் தையல் மிகக் குறைவு. ஒரு செவ்வகத் துணியை மடித்து இரண்டு பக்கம் தைத்தால் போதும். சிக்கல் வேறு. இன்றைய வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் அருகே இருந்த ஹைதாபு என்ற வைக்கிங் நகரத்தை அகழ்ந்தபோது மரப்பிடிகள் கிடைத்தன. அவற்றோடு சேர்ந்த பை கிடைக்கவில்லை. துணி எது, அளவு என்ன, வார் இருந்ததா என்பதெல்லாம் ஊகம். அதோடு, தைக்க உட்காருகிறவர் மரமும் இழைக்க வேண்டும்.

ஹேவர்சாக்கில் ஊகத்துக்கு இடம் குறைவு. முரட்டு லினன், மடித்து மூடும் மூடி, இரண்டு மூன்று பித்தான், அகலமான துணி வார், அவ்வளவுதான். அப்போது தையல் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1846இல்தான். அதனால் நீங்கள் கையால் போடும் ஒவ்வொரு தையலும் அசல் பையில் இருந்த அதே முறை.

அளவு இப்படி: 14 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் ஒரே துண்டு. முன்பக்கத்துக்கு 12½, பின்பக்கத்துக்கு 13, மூடிக்கு 9½; மிச்சம் இரண்டு முனையிலும் மடித்துத் தைக்க அரை அரை அங்குலம். அடியில் தையலே வராது, மடிப்புதான். கனம் தாங்குகிற இடத்தில் தையல் இல்லாமல் இருப்பது இந்த வடிவத்தின் பெரிய பலம். வாருக்கான அளவைத் தோளிலிருந்து இடுப்பு வரை உங்கள் உடம்பிலேயே எடுங்கள்.

லினனா, காடாவா? லினன் சரித்திரப்படி சரி, உறுதியும் அதிகம். ஆனால் விலை கூட, கடையில் தேடவும் வேண்டும். ஈரோட்டுப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் கெட்டிக் காடாவில் முதல் பையைத் தைப்பதில் தப்பே இல்லை. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிச் சிப்பாய்கள் பலர் சாதாரணப் பருத்திப் பையைத்தான் மாட்டியிருந்தார்கள். எதுவானாலும் வெட்டுவதற்கு முன் துவைத்துக் காய வையுங்கள், இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும்.

தையலில் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டுவது) வேகம், பின் தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து குத்துவது) பலம். நான் இரண்டையும் கலப்பேன்: பக்கங்களில் நாலைந்து ஓட்டுத் தையலுக்கு ஒரு பின் தையல், வார் சேரும் இடத்தில் முழுக்கப் பின் தையல். பக்கத் தையல் முடிந்ததும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஓரத்தில் ஒன்றைப் பாதியாக நறுக்கி, மற்றதை அதன்மேல் மடித்துப் படியத் தையுங்கள். நூல் பிரியாது, ரொட்டித் துணுக்கும் மாட்டாது. நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நேரம் பிடிப்பது காஜாதான். அதை வேறொரு துண்டுத் துணியில் பழகிவிட்டு மூடிக்கு வாருங்கள்.

அதே அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்குக் கொடுத்த கறுப்பு மேற்பூச்சுப் பையையும் சிலர் கேட்பார்கள். மழைக்கு அது நல்லது. பன்றிக்கறிக் கொழுப்பு ஒட்டினால் கழற்றித் துவைக்க உள்ளே தனிப் பருத்திப் பையும் பித்தானில் மாட்டியிருக்கும். ஆனால் அதில் பூச்சு வேலை, மூடியைக் கட்டும் தோல் வார், பக்கிள் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. காடாப் பை ஒன்றைத் தைத்து, அதில் சாமான் போட்டுக் கொஞ்ச நாள் நடந்து பார்த்த பிறகு அதற்குப் போகலாம்.