கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உண்ணும் கடை

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் செல்லும் சாலையோரத்தில் உள்ள அந்தச் சிறிய உணவகத்தில், இலை போடுவதற்கு முன்பே மரப்பெட்டி ஒன்றை நீட்டுகிறார்கள். கைப்பேசிகளை அதில் வைத்துப் பூட்டிச் சாவியை நம்மிடமே தந்துவிடுகிறார்கள், கட்டாயம் ஏதுமில்லை.

2018-இல் வெளியான பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வொன்று, முந்நூறுக்கும் மேற்பட்டோரை நண்பர்களுடனும் குடும்பத்தினருடனும் உணவகத்தில் உண்ணச் செய்து, கைப்பேசி மேசைமேல் இருந்தவர்களுக்குக் கவனம் சிதறியதையும் மகிழ்ச்சி குறைந்ததையும் பதிவு செய்தது. அதைப் படித்திருந்தும் நான் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று பெட்டி பூட்டப்பட்டபின் முதல் சில நிமிடங்கள் எவரும் பேசவில்லை. பிறகு அப்பா, செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததையும், அதன்பின்னும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மீட்டர்கேஜ் இரயிலில் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து புனலூருக்கு உறவினர் வீட்டுக்குப் போய்வந்ததையும் சொல்லத் தொடங்கினார். என் மகள் இடைமறித்துக் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை ஆண்டுகளில் நானே கேட்டிராத கதைகள் அவை.

பரோட்டா மென்மையாக இருந்தது. கோழி வறுவலில் மிளகு சற்று மிகுதி. அவசர அழைப்புக்குக் கல்லாவில் தொலைபேசி உண்டு. வரிசையில் காத்திருப்போர் இருந்தும் எங்களை எழச் சொல்லி அவசரப்படுத்தாத பணியாளர்களின் பண்பை மனமாரப் பாராட்டுகிறேன். பெட்டியைத் திறக்காமலே பணம் செலுத்த விரும்புவோர் சில்லறையுடன் செல்வது நல்லது.