பிரமுகர்களின் படங்களுக்குக் கீழே ஒரு மதியச் சாப்பாடு

திருகோணமலையில் மீன் சாப்பாட்டுக்குப் பெயர் எடுத்த கடைகள் பல இருக்க, கடற்கரையை அண்டிய இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுதத் தூண்டியவை, முதலாளியின் மேசைக்குப் பின்னால் சுவரை நிறைத்திருக்கும் புகைப்படங்களே. அமைச்சர்கள், தூதுவர்கள், கடற்படை அதிகாரிகள் என்று அங்கு வந்து உண்ட ஒவ்வொருவருக்கும் அருகில் முதலாளி நிற்கிறார்.

சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. பழப்புளி அளவாகச் சேர்ந்த பாரைக் குழம்பும், பதமாக வெந்த கணவாய்ப் பிரட்டலும், முருங்கையிலை வறையும் சொதியும் கொடுத்த காசுக்கு மேலானவை.

உபசரிப்புத்தான் வேறு கதை. மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், நெடுநேரம் காத்திருந்தபின் சோறு எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டதற்கு, பரிமாறும் இளைஞர், "ஐயா, மினிஸ்டர்மாரே இங்க காத்திருந்துதான் சாப்பிடுறவை" என்றார். அமைச்சருக்குக் கோப்பை கொண்டுபோய் வைத்ததைத் தவிர அந்த இளைஞருக்கு அவரோடு எந்த உறவும் இருந்திருக்காது. ஆயினும் அதிகாரத்தின் தொனி அவர் நாவில் ஏறியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற பிறகு மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளைக் கூடுதலாக அணிந்ததையும், வெற்றியைப் பற்றிப் பேசும்போது "நாங்கள்" என்று சொல்ல முற்பட்டதையும் காட்டியது. விளையாடியவர்கள் அவர்கள் அல்லர்.

இந்த இரவல் பலம் ஒரு திசையில்தான் செல்லுபடியாகிறது. சற்று நேரத்தில் அரச வாகனமொன்று வாசலில் நின்றபோது, அதே இளைஞரின் குரல் தணிந்தது, முதலாளி எழுந்து ஓடினார். பெரியவர்களோடு பழகிய பழக்கம் பெரியவர்களுக்கு முன்னால் அவர்களை ஓரங்குலமும் உயர்த்தவில்லை. வாடிக்கையாளரும் இதற்கு விலக்கல்லர்: படங்களுக்கு நேர் கீழேயுள்ள மேசை கிடைத்தவர் ஒருவர் தண்ணீர் கேட்ட தோரணையில், பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்ற பின், பழைய அமைச்சர்கள் சிலரின் படங்கள் கழிவறைக்குப் போகும் வழிக்கு இடம் மாறியிருக்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும். முதலாளி உலக நடப்பு அறிந்தவர்.

பார்சல் கொடுக்கும் பக்க யன்னலில், சமைக்கும் அம்மாவே நின்று, யார் வந்தாலும் வரிசைப்படி கொடுக்கிறார். அங்கு வாங்குவதே நல்லது. பன்னிரண்டரைக்கு முன் போனால் கணவாய் கிடைக்கும்.