துளை நடுவில் இருந்திருந்தால்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஆறு வருஷமா பழைய ஃபோக், சோல் ஆல்பங்களோட மறுபதிப்பா தேடித் தேடி வாங்கறியே, நானும் ஆரம்பிக்கலாமா?" வேறு நாளாக இருந்தால் உடனே "தாராளமா" என்று சொல்லியிருப்பேன். அன்று காலையில்தான் புதிதாக வந்த ஒரு வினைல் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டு நொந்து போயிருந்தேன். பேச்சை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தட்டின் நடுத்துளை நடுவில் இல்லை. என் எரிச்சல் மொத்தமும் இதுதான்.

1970களின் தொடக்கத்தில் வெளிவந்து யாரும் கவனிக்காமல் போன ஃபோக் ஆல்பம் அது. ஒரு பெண் குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். முதல் பக்கம் அருமை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டும்போது குரல் மெல்ல மேலே ஏறி மெல்லக் கீழே இறங்கியது. பாடகி செய்கிற அசைவு என்றுதான் முதலில் நினைத்தேன். கிதாரும் கூடவே ஏறி இறங்கியபோது சந்தேகம் வந்து, குனிந்து ஊசியைப் பார்த்தேன். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம், தொட்டில் மாதிரி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் அலைச்சல். அப்படியென்றால் துளை 1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. துளை விலகியிருந்தால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் கூடிக் குறையும். அதனால் அந்த 1.8 விநாடிக்குள் சுருதி ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. தட்டின் வெளி ஓரத்தில் ஆரம் ஏறக்குறைய 146 மில்லிமீட்டர். அங்கே வேகம் மாறுவது 0.7 சதவீதம்தான், பல பேருக்குத் தெரியவே தெரியாது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஆரம் 60 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அதே விலகல் அங்கே ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிவிடும். அரை சுரத்தில் கால் பங்குக்கும் மேல் ஏறி, பிறகு அதே அளவுக்கு இறங்கும். அமைதியான, நீளமான, மனதைப் பிசைகிற பாட்டைத்தான் பெரும்பாலும் கடைசியில் வைப்பார்கள். கோளாறும் சரியாக அங்கேதான் உச்சத்துக்குப் போகிறது.

விற்றவர்களிடம் சொன்னதும் மாற்றுத் தட்டு அனுப்பினார்கள், மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் அதிலும் இரண்டாம் பக்கத்தில் அதே ஆட்டம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஸ்டாம்பர், அதாவது தட்டில் பள்ளங்களை அழுத்திப் பதிக்கும் உலோக அச்சு, உண்டு. அதன் நடுவைக் கண்டுபிடித்துத் துளையிடும்போது கை தவறினால், அந்த ஸ்டாம்பரில் அச்சாகிற அத்தனை தட்டுகளிலும் அதே தவறு இருக்கும். இது தெரிந்த பிறகு மூன்றாவது தட்டு கேட்கவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். இது இன்று புதிதாக முளைத்த குறை இல்லை. 1980களின் தொடக்கத்தில் நகமிச்சி நிறுவனம் டிஎக்ஸ்-1000 என்ற டர்ன்டேபிளை (தட்டைச் சுழலவிடும் கருவியை) செய்ததே, தட்டின் நடுவை அதுவாகவே தேடித் திருத்திக்கொள்வதற்காகத்தான். அந்தக் காலத்துத் தட்டுகளிலும் இந்தக் கோளாறு இருந்திருக்கிறது.

எல்லா இசையையும் இது ஒரே மாதிரி கெடுப்பதும் இல்லை. சைகடெலிக் ராக் தட்டுகளில் கரகரக்கும் ஃபஸ் கிதாரும் எக்கோவும் ஏற்கெனவே அலைபாய்ந்துகொண்டிருப்பதால் இந்த ஆட்டமும் அதில் கரைந்துவிடும். கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகையான சோல் தட்டுகளில் டிரம்ஸும் பேஸும் காதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆர்கன் நீண்டு ஒலிக்கும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஃபோக்கில் ஒளிய இடமே இல்லை. பாஞ்சோ போல மீட்டியவுடன் அடங்கிவிடும் கருவி தப்பிக்கும். புல்லாங்குழலும் நீட்டிப் பாடும் குரலும் தப்பாது. பியானோ வந்தால் அந்தத் தட்டை எடுத்து வைத்துவிடுவதே மேல்.

உறையில் ஒட்டியிருக்கும் "180 கிராம்" ஸ்டிக்கரைப் பார்த்தாலே இப்போது கோபம் வருகிறது. எடை கூடினால் துளை நடுவுக்கு வந்துவிடுமா? எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், மூலப் பதிவான மாஸ்டர் டேப் கிடைத்ததா, பழைய தட்டு ஒன்றை ஓடவிட்டு அதிலிருந்து நகலெடுத்தார்களா என்பதைத்தான் அந்த இடத்தில் போட வேண்டும். சில லேபிள்கள் (தட்டு வெளியிடும் நிறுவனங்கள்) உள்ளே நேர்மையாக எழுதுகின்றன. பல லேபிள்கள் வாயே திறப்பதில்லை.

அப்படியும் ஆறு வருடமாக ஏன் விடாமல் வாங்கினேன்? ஆங்கிலேய ஃபோக் பாடகி வாஷ்டி பன்யனின் முதல் ஆல்பம் 1970இல் வந்து விற்காமல் போனது. அவர் பாட்டையே விட்டுவிட்டார். 2000இல் மறுபதிப்பு வந்ததும் கேட்க ஆள் கிடைத்தார்கள். 2005இல் இரண்டாவது ஆல்பம் செய்தார். நடுவில் 35 வருடம். அமெரிக்கப் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸ் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே 1970இல் ஓர் ஆல்பம் செய்தார். ஸ்டூடியோவில் கேட்ட ஒலி அச்சான தட்டில் இல்லை என்று அவரே வெறுத்துப் போனார். பல வருடம் கழித்து வந்த மறுபதிப்பில்தான் அந்தப் பாடல்களின் அடுக்கடுக்கான குரல்கள் உலகத்துக்குக் கேட்டன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரூட்லேண்ட் என்ற சிற்றூரில் டானி, ஜோ எமர்சன் என்ற பண்ணை வீட்டுப் பையன்கள் இருவருக்கு அப்பா கடன் வாங்கி ஸ்டூடியோ கட்டிக் கொடுத்தார். 1979இல் அவர்கள் போட்ட தட்டு விலை போகவில்லை, நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. 2012இல் மறுபதிப்பு வந்தது. அதில் இருக்கும் மெதுவான சோல் பாட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அப்பாவின் ஞாபகம்தான் வருகிறது.

யாரோ ஒருவர் பழைய டேப்பைத் தேடி அலைந்து, பாடியவரைக் கண்டுபிடித்து, உட்கார வைத்துப் பேசி, இருபது பக்கப் புத்தகம் போட்டு உள்ளே வைக்கிறார். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் ஒரு துளையைக் கவனிக்காமல் விடுவது தாங்க முடியவில்லை. ஐம்பது வருடம் முன்னால் ஒருமுறை ஏமாந்த பாட்டை இன்னொருமுறை ஏமாற்றுவது போல இருக்கிறது.

அந்தத் தட்டை நானே சரி செய்தேன். பென்சிலில் உப்புத்தாள் சுற்றி, துளையை ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தூள் பள்ளங்களுக்குள் இறங்காமல் இருக்க நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைச் சுற்றித் துணி போட்டுக்கொண்டேன். பிறகு தட்டைச் சுழலவிட்டு, ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது, நிறுத்தி விரலால் ஓரத்தை லேசாகத் தட்டுவது, மறுபடி சுழலவிடுவது. ஐந்தாறு முறைக்குப் பிறகு ஆர்ம் அசையாமல் நின்றது. அந்தக் கடைசிப் பாட்டில் குரல் நீண்டது, நேராக. கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆனால் துளை பெரிதாகிவிட்டதால் இனி ஒவ்வொரு முறை பக்கம் மாற்றும்போதும் இதே தட்டல்தான். காசு கொடுத்து வாங்கியவன் செய்கிற வேலையா இது? இந்த வருடம் இனி ஃபோக் மறுபதிப்பு எதுவும் வாங்குவதாக இல்லை. நண்பனிடமும் சொல்லிவிடப் போகிறேன்: "இப்போதைக்கு ஆரம்பிக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் கொடு, அதை நடுவில் உட்கார வைக்க வேண்டும்."