நடுமுற்றம்: திறந்து விடுவதா, கண்ணாடி போடுவதா?

மதுரைக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். அக்னி மூலையில் சமையலறை, ஈசானியத்தில் பூஜை அறை, கன்னி மூலையில் பெரியவர்கள் படுக்கை என்பதில் பேச்சே எழவில்லை. நட்டநடு இடமான பிரம்மஸ்தானத்தில் தூணும் சுவரும் வேண்டாம், முற்றம் விடுவோம் என்றார் அப்பா. அதுவும் சரி. முற்றத்துக்கு மேலே வானமா, கண்ணாடியா என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

அக்கா வீட்டில் கண்ணாடி. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, சாரல் அடிக்காது, குரங்கு இறங்காது. நாங்கள் வானத்தை விட்டு, இரும்புக் கிரில் மட்டும் போட்டோம். குரங்குக்கும் திருடனுக்கும் அது போதும். கொசுவுக்குப் போதாது, அறைக் கதவு, ஜன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டியதாயிற்று.

சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா வீட்டு முற்றத்தில் நிற்க முடியாது. வெயில் கண்ணாடி வழியே உள்ளே இறங்குகிறது, சூடேறிய காற்று வெளியேற வழியில்லை. கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் அதைச் சுவருக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி, சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள்.

என்னைத் திறந்த முற்றத்தின் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் எங்கள் முற்றத்தில் தினமும் வேலை இருக்கிறது. வேப்பிலை விழும், ஆடிக் காற்றில் புழுதி வந்து படியும், ஐப்பசி மழையில் பாசி பிடிக்கும். ஆனால் இத்தனையும் தரையில் நின்று செய்கிற வேலை. அம்மா விளக்குமாறு எடுப்பார், பெரியவன் தண்ணீர் போகும் வாயிலுள்ள சல்லடை மூடியைத் தூக்கி இலையை அள்ளுவான், பத்து நிமிடம். மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் எந்நேரமும் ஒரு கை இருக்கும். கண்ணாடியில் புறா எச்சம் விழுந்தால் மேலே ஏற ஆள் தேட வேண்டும். நான்காம் வருடம் ஓரத்து சிலிக்கான் விட்டுப்போய், அக்கா வீட்டுக் கூடத்தில் பக்கெட் வைத்தார்கள். ஒட்ட வந்தவர் இரண்டு முறை ஒட்டினார், ஒழுகல் இடம் மாறியது, நிற்கவில்லை.

திறந்து விடுவதென்றால் வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவில், கோட்டை விடாதீர்கள். கொத்தனார் ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து முடித்த பிறகும், நான் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். வடகிழக்கு ஓரம் போகாமல் நடுவில் குளமாக நின்றது. கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழி எப்படியும் தோண்டியாக வேண்டும். முற்றத்துத் தண்ணீரையும் அதில் விட்டோம். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அகலமான தாழ்வாரம் இருக்கும். எங்களுக்கு இரண்டரை அடிதான் கிடைத்தது, காற்றோடு மழை வந்தால் மூங்கில் தட்டியை இறக்குகிறோம்.

பொங்கலன்று அடுப்பை முற்றத்திலேயே மூட்டுகிறோம், புகை நேராக மேலே போகிறது. மாசி பிறந்தால் அம்மாவின் வற்றல் பாய் அங்கேதான்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு அரையடி இறக்கம். முதல் மாதமே ராத்திரியில் அம்மா கால் தவறினார், நல்லவேளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே விளிம்பு முழுக்கக் கறுப்புக் கல் பட்டை பதித்து, ஒரு பக்கம் கைப்பிடியும் வைத்தோம்.